வழிகாட்டியுடன் குகைக்குள் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாகக் குழுக்களுடன் இயற்கைக் குகைகளுக்குள் போய் வருகிறேன். முதன்முறை வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பதும், உள்ளே நடக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எல்லாக் குகைச் சுற்றும் ஒரே மாதிரிதானா?

இல்லை. பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையில் படிக்கட்டு, கைப்பிடி, மின்விளக்கு எல்லாம் இருக்கும். நடக்க முடிந்தால் போதும். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் 1872இலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் சிறிய ரயிலில் உட்கார்ந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டாம் வகையில் பாதையும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஹெல்மெட்டில் மாட்டிய விளக்கோடு குனிந்து, தவழ்ந்து, சில இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போக வேண்டியிருக்கும். முதல்முறை என்றால் முதல் வகையில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். உடல் பலத்துக்காக இதைச் சொல்லவில்லை. எங்கே கால் வைப்பது என்ற கவலை இல்லாதபோதுதான் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கத் தோன்றும்.

மூடிய இடம் என்றாலே எனக்குப் பயம். வரலாமா?

பெரும்பாலும் வரலாம். 'குகை' என்றதும் மனத்தில் வருவது ஒரு குறுகிய பொந்து. பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட குகைகள் பலவற்றில் கூடங்கள் மிகப் பெரியவை. வியட்நாமின் சோன் டூங் குகைக்குள் கூரை இடிந்து வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு காடே வளர்ந்திருக்கிறது.

பயம் இருப்பதைப் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. மிகக் குறுகலான இடம் எது, அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும், திரும்பி வர வேறு வழி உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். பயத்தில் பாதி, அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் வருவது. வழிகாட்டிக்கு அடுத்தாற்போல் நடந்தால் இன்னும் நல்லது. வரிசையின் கடைசியில் நடப்பவருக்குப் பின்னால் இருட்டு மட்டுமே இருக்கும்.

படிக்கட்டும் விளக்கும் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா?

முதல் காரணம், போன வழி திரும்பும்போது அதே வழியாகத் தெரியாது. உள்ளே போகும்போது பாறையின் ஒரு முகத்தைப் பார்க்கிறீர்கள், வரும்போது மறுமுகம். வெயில் இல்லை, நிழல் இல்லை, தொலைவில் அடையாளம் வைத்துக்கொள்ள மரமோ கோபுரமோ இல்லை. இரண்டாவது, தண்ணீர். வெளியே பெய்யும் மழை உள்ளே எப்போது, எந்தப் பக்கமாக வரும் என்பது அந்தக் குகையோடு பழகியவருக்குத்தான் தெரியும். மூன்றாவது, குகையைப் பார்வையாளர்களிடமிருந்து காப்பதும் அவருடைய வேலை. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான்காவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. குகையின் கதை வழிகாட்டிகளின் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கியிலுள்ள மாமத் குகை உலகிலேயே நீளமானது. இதுவரை அளந்ததே 680 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அங்கே 1838இல் வழிகாட்டியாக வேலையில் இறக்கப்பட்டவர் ஸ்டீபன் பிஷப். அடிமையாக இருந்த ஒரு பதின்வயது இளைஞர். அதுவரை யாரும் தாண்டத் துணியாத ஒரு பெரும் பள்ளத்தின் குறுக்கே ஏணியைப் போட்டுக் கடந்தார். அதற்கப்பால் இருந்த ஆறுகளையும் கண்ணில்லா மீன்களையும் கண்டார். பிறகு குகையின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரைந்து கொடுத்தார். இன்று அந்தக் குகையைப் பார்க்கப் போகிறவர்கள் அவர் கண்டுபிடித்த வழிகளிலும் நடக்கிறார்கள். சுவரைக் காட்டி ஒரு வழிகாட்டி எதையாவது சொல்லும்போது, அது ஒருவர் பின் ஒருவராகக் கைமாறி வந்த அறிவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குளிருமா?

அது குகை இருக்கும் ஊரைப் பொறுத்தது. ஆழமான குகையின் வெப்பநிலை, மேலே அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். பாறை அவ்வளவு தடிமனாக இருப்பதால் கோடையும் குளிர்காலமும் உள்ளே எட்டுவதில்லை. போஸ்டோய்னாவில் ஆண்டு முழுக்கச் சுமார் 10 டிகிரி செல்சியஸ். மாமத் குகையில் 12, 13 டிகிரி. இவற்றுக்கு ஸ்வெட்டர் வேண்டும். ஆந்திரத்தின் பேலும் குகை போன்ற வெப்பமண்டலக் குகைகளிலோ உள்ளே போகப் போகப் புழுக்கம் ஏறி வியர்த்துக் கொட்டும். அங்கே மெல்லிய பருத்தி உடை போதும். ஆஸ்திரியாவின் ஐஸ்ரீசன்வெல்ட் ஒரு பனிக்குகை. கோடையிலும் உள்ளே உறைநிலையை ஒட்டியே இருக்கும்.

எங்கே போனாலும் ஈரம் உண்டு. காற்றில் ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கும். நனைந்த துணி உள்ளே காயாது என்பதால் குளிர்ந்த குகைக்கு ஜீன்ஸ் வேண்டாம்.

எந்தச் செருப்பு, எந்த ஷூ?

அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். சுற்றுலாக் குகைகளில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் ஈரப்படியில் வழுக்கியவர்கள், அல்லது தாழ்ந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டவர்கள்.

பாறை இடிந்து விழுந்துவிடாதா?

நீங்கள் நிற்கும் கூடம் உருவாகிப் பல்லாயிரம் ஆண்டுகள், பல இடங்களில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும். தரையில் கிடக்கும் பெரிய பாறைகள் எப்போதோ கூரையிலிருந்து விழுந்தவைதான். ஆனால் அவற்றில் பலவற்றின் மேல் கல்முளைகள் முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பாறை விழுந்து எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதற்கு அந்த முளையே சாட்சி.

கல்முளை என்றால்? கல்விழுது என்றால்?

தமிழில் இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஆலமரத்து விழுதுபோல் மேலிருந்து தொங்குவது கல்விழுது. விதை முளைப்பதுபோல் தரையிலிருந்து எழுவது கல்முளை. இரண்டும் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டால் தூண்.

அவை எப்படி உண்டாகின்றன? எவ்வளவு காலம் ஆகும்?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே கசியும்போது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைக்கிறது. குகையைக் குடைந்ததும் இதே நீர்தான். குகையின் கூரைக்கு வந்து துளியாகத் தொங்கும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறதே, அதுபோல் துளியிலிருந்து கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. வாயு போனபின் கரைந்த சுண்ணாம்பை அந்த நீரால் தாங்க முடியாது. துளியின் விளிம்பைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையமாக அது படிகிறது. அடுத்த துளி, அடுத்த வளையம். இப்படியே வளர்வது உள்ளே துளையுள்ள ஒரு குழல். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் பருமன்தான் இருக்கும், தொட்டால் ஒடிந்துவிடும் மென்மை. தடித்த கல்விழுதுகள் பலவும் முதலில் இப்படிக் குழலாகத் தொடங்கியவைதான். துளை அடைபட்டதும் நீர் வெளிப்புறமாக வழியத் தொடங்கி, அது பருக்கிறது.

இந்தக் குழல் ஒன்றைக் கண்டால் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். வழிகாட்டியிடம் கேட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். முனையில் ஒரு துளி தொங்கும். அதற்குள் விளக்கு தலைகீழாகத் தெரியும். துளி மெல்லக் கனத்து, கழுத்து இழைபோல் இளைத்து, விழுவதற்குள் நீங்கள் பத்து முறை மூச்சு விட்டிருப்பீர்கள். விழுந்ததும் முனை வெறுமையாக இருக்காது. அடுத்த துளிக்கான ஈரம் அங்கே மினுங்கிக்கொண்டிருக்கும்.

கல்விழுது பத்து சென்டிமீட்டர் வளரச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நீர் அதிகம் வரும் இடத்தில் இதைவிட வேகமாக வளரும். வறண்ட குகையில் வளர்ச்சி நின்றே போயிருக்கும்.

அதனால்தான் தொடக்கூடாது என்கிறார்களா? லேசாக ஒரு விரல் பட்டால்கூடவா?

ஆமாம், ஒரு விரல்கூட வேண்டாம். நம் தோலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும். அது கல்லில் ஒட்டிக்கொண்டால் நீர் அங்கே படராமல் விலகி ஓடும். நீர் படராத இடத்தில் சுண்ணாம்பு படியாது. அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். கூடவே அழுக்கும் சேரும்.

ஒரு குகையில் பாதையை ஒட்டி அக்கம்பக்கமாக இரண்டு கல்முளைகளைப் பார்த்தேன். ஒன்று கைக்கு எட்டும் தூரம், இன்னொன்று ஒரு முழம் தள்ளி. எட்டியது இடுப்பு உயரத்தில் கறுத்து, பழைய கதவின் கைப்பிடிபோல் வழவழவென்று இருந்தது. எட்டாதது வெள்ளை வெளேரென்று, மேலே நீர் ஓடி மின்னிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே நீரில் பிறந்தவை. கறுத்ததைத் தொட்டவர்களில் ஒருவரும் அதைக் கெடுக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் தொட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது "ஒரு தடவைதானே" என்று சொல்லும்போது எனக்கு அந்த இரண்டும்தான் கண்முன் வருகின்றன.

உடைந்து கீழே கிடக்கும் துண்டையும் எடுக்காதீர்கள். ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட துண்டுகளை அறுத்து, அடுக்கடுக்காகப் பார்த்துப் பழங்கால மழையின் வரலாற்றையே படிக்கிறார்கள். அலமாரியில் வைத்தால் அது வெறும் கல்.

மூச்சுத் திணறுமா? உள்ளே காற்று இருக்குமா?

பார்வையாளர்களுக்குத் திறந்துள்ள குகைகளில் காற்றோட்டம் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தமும் வெப்பமும் மாறும்போது குகை காற்றை உள்ளே இழுக்கும், வெளியே விடும். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் 'விண்ட் கேவ்' என்ற குகைக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் வாயிலில் வீசும் காற்றால்தான். சில குகைகளில் ஆழமான மூலைகளில் கரியமில வாயு தேங்கும். அந்தப் பகுதிகளுக்கு உங்களை அழைத்துப் போக மாட்டார்கள். பாறையிலிருந்து வெளியேறும் ரேடான் வாயு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது நாள் முழுக்க, ஆண்டு முழுக்க உள்ளே வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஒருமணி நேரம் வந்து போகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள். பையை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லும் குகைகள் உண்டு.

குகைக் காற்று உடம்புக்கு நல்லதாமே?

மாமத் குகையில் 1842இல் ஜான் குரோகன் என்ற மருத்துவர் காசநோயாளிகளை உள்ளே குடிசை கட்டித் தங்க வைத்தார். மாறாத வெப்பநிலை நோயைத் தீர்க்கும் என்று நம்பினார். சமையல் புகையும் விளக்குப் புகையும் சூழ்ந்த இருட்டில் நோயாளிகள் மேலும் நலிந்தார்கள், சிலர் இறந்தார்கள், சில மாதங்களில் முயற்சி கைவிடப்பட்டது. கற்குடிசைகள் இரண்டு இன்றும் அங்கே நிற்கின்றன. நல்லெண்ணம் இருந்தும் நடந்த துயரம் அது. குகைக்கு வைத்தியத்துக்காக யாரும் போக வேண்டாம்.

நடுவில் விளக்கை அணைப்பார்களாமே?

பல சுற்றுகளில் அணைப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு. வேண்டாம் என்பவர்கள் அருகில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த இருட்டு, வீட்டில் மின்சாரம் போனால் வரும் இருட்டு அல்ல. வீட்டில் எங்கிருந்தாவது ஒரு கீற்று வரும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். குகையில் பழகுவதற்கு ஒளியே இல்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் எதுவும் தெரியாது. கையை முகத்துக்கு முன் ஆட்டிப் பாருங்கள்: கை அசைவது நிழல்போல் தெரிகிற மாதிரி பலருக்கு இருக்கும். உண்மையில் கண் எதையும் பார்க்கவில்லை. கை எங்கே இருக்கிறது என்று தெரிந்த மூளை அதைத் தானே வரைந்து காட்டுகிறது. அப்புறம் காது திறக்கும். அதுவரை ஒன்றாகக் கேட்ட நீர்ச்சொட்டு இப்போது மூன்று நான்காகப் பிரியும். ஒன்று ஆழமான குட்டையில், ஒன்று ஈரக்கல்லில், ஒன்று எங்கோ தூரத்தில். அந்த நிமிடத்தில் பேசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வௌவால் இருக்குமா? கடிக்குமா?

இருக்கலாம். உங்கள் மேல் அதற்கு அக்கறை இல்லை. முகத்தருகே பறந்தாலும் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு விலகிப் போய்விடும். விளக்கை நேராக அடிக்காதீர்கள், தொடாதீர்கள். தரையில் விழுந்து கிடந்தாலும் கையால் எடுக்க வேண்டாம், வெறிநோய்க் கிருமி இருக்கலாம். எச்சம் குவிந்து உலர்ந்த இடத்தில் தூசியைக் கிளப்பக்கூடாது. அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும்.

நாம்தான் வௌவாலுக்குப் பெரிய ஆபத்து. வட அமெரிக்காவில் 2006இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட வெண்மூக்கு நோய் அங்கே லட்சக்கணக்கில் வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதுவும் ஒரு பூஞ்சைதான். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கையிலும் படர்ந்து, அதை அடிக்கடி எழுப்பி, சேர்த்து வைத்த கொழுப்பைத் தீர்த்துவிடுகிறது. ஷூவிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு குகைக்குக் குகை பரவக்கூடியது என்பதால், வேறு குகைக்குப் போட்டுப்போன அதே ஷூவோடு வந்தீர்களா என்று வாசலில் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

வேறு என்ன உயிரினங்கள்?

சிலந்தி, பூரான், குகைத் தத்துக்கிளி என்று சின்னச் சின்னதாக நிறைய. நியூசிலாந்தின் வைடோமோவில் கூரையெங்கும் நீலப்பச்சை ஒளிப்புள்ளிகள். படகில் சத்தமில்லாமல் அழைத்துப் போவார்கள். அவை ஒருவகைப் பூச்சியின் புழுக்கள். ஒளியைக் காட்டி, பசைநூல் தொங்கவிட்டு இரை பிடிக்கின்றன. போஸ்டோய்னாவில் 'ஓல்ம்' என்ற வெளிறிய நீர்வாழ் உயிர் உண்டு. கண்களைத் தோல் மூடியிருக்கும். ஆண்டுக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும், நூறு வயதுவரை வாழக்கூடும் என்று கணிக்கிறார்கள். 2016இல் அங்குள்ள தொட்டியில் குஞ்சு பொரித்தபோது உலகமே வேடிக்கை பார்த்தது.

போட்டோ எடுக்கலாமா?

குகைக்குக் குகை விதி வேறு. வைடோமோவின் ஒளிப்புழுக்கள் இருக்கும் இடத்தில் அறவே கூடாது. அனுமதி உள்ள இடத்திலும் ஃபிளாஷ் வேண்டாம்: காற்றில் மிதக்கும் ஈரத்துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகப் பதிந்து படத்தைக் கெடுக்கும், வௌவாலும் கலையும். செல்போனைக் கைப்பிடியில் ஊன்றி, அசையாமல் எடுத்தால் போதும். வெளியிலிருந்து வந்ததும் லென்ஸில் ஆவி படியலாம். கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள்.

விளக்குகளைச் சுற்றிப் பாறையில் பச்சையாகப் பாசி படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது குகைக்குச் சொந்தமானதல்ல. நாம் பார்ப்பதற்காக வைத்த வெளிச்சத்தால் வந்தது. நீங்கள் கடந்ததும் பின்னால் விளக்கை அணைத்துக்கொண்டே வருவது கஞ்சத்தனத்தால் அல்ல.

குழந்தைகள், பெரியவர்கள், கர்ப்பிணிகள்?

படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தூரத்தைவிட அதுதான் முக்கியம். ஐஸ்ரீசன்வெல்டில் ஏறவும் இறங்கவும் சேர்த்து ஏறத்தாழ 1,400 படிகள். பல குகைகளில் முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை மனத்தில் வையுங்கள். தள்ளுவண்டி உள்ளே போகாது. கைக்குழந்தையை முதுகில் சுமந்தால் தாழ்ந்த கூரையில் அதன் தலைதான் முதலில் படும், மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வழுக்காத பாதையுள்ள குகைக்கு மட்டும் போகலாம்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

உள்ளே தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். விழும் பருக்கைகள் குகையில் இல்லாத பூஞ்சைகளை வளர்க்கும். கழிப்பறைக்கு முன்பே போய்விடுங்கள்.

வெயில் அடிக்கிறது, ஆனாலும் சுற்றை ரத்து செய்துவிட்டார்கள். நியாயமா?

நியாயம்தான். ஏமாற்றம் புரிகிறது, ஆனாலும் அந்த முடிவெடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். குகைக்குள் வரும் நீர் தலைக்கு மேலே பெய்த மழையாக இருக்க வேண்டியதில்லை. மலையின் மறுபக்கம் பெய்ததாக இருக்கலாம், நேற்றுப் பெய்ததாகவும் இருக்கலாம். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று கால்பந்துச் சிறுவர்கள் 12 பேரும் பயிற்சியாளரும் உள்ளே போனபின் வெள்ளம் வழியை அடைத்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் அவர்கள் இருக்கும் இடமே தெரிந்தது. ஜூலை 10இல் கடைசிக் குழுவையும் மீட்டார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவர் அந்தப் பணியிலேயே உயிரிழந்தார்.

பழங்கால ஓவியங்கள் உள்ள குகையைப் பார்க்கப் போனோம், நகலைத்தான் காட்டினார்கள். ஏன்?

பிரான்சின் லாஸ்கோ குகையை 1940இல் கண்டுபிடித்து, 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். பதினேழாயிரம் ஆண்டுகள் மூடிக் கிடந்து தப்பிய ஓவியங்கள் அவை. தினமும் நூற்றுக்கணக்கானோர் உள்ளே விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும், விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி படர வைத்தன. பதினைந்தே ஆண்டுகளில், 1963இல், மூட வேண்டியதாயிற்று. யாரும் சுவரைச் சுரண்டவில்லை. வந்து நின்று வியந்தார்கள், அவ்வளவுதான். 1994இல் பிரான்சிலேயே பழங்கால ஓவியங்கள் கொண்ட ஷோவே குகை கிடைத்தபோது அந்தப் பாடத்தைக் கற்றிருந்தார்கள். அதை மக்களுக்குத் திறக்கவே இல்லை. நகல் என்று முகம் சுளிக்காமல் பாருங்கள். காளையின் வளைந்த முதுகுக்குப் பாறையின் புடைப்பையே பயன்படுத்திய கையை அதிலும் காணலாம்.

குறிப்பாக எதை வழிகாட்டியிடம் கேட்கலாம்?

பெரும்பாலோர், "இது யானைபோல இல்லையா, அது சிங்கம்போல இல்லையா" என்று உருவம் தேடுவதில் நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அது பிடிக்கும், தவறில்லை. ஆனால் "போன மழைக்காலத்தில் இந்த இடம் எப்படி இருந்தது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் மாறும். எந்தச் சுவரில் எந்த உயரம்வரை நீர் வந்தது, எந்தச் சொட்டு வேகம் பிடித்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்.

முடிந்து வெளியே வந்ததும் ஏதாவது செய்ய வேண்டுமா?

வாசலுக்குச் சில அடி முன்னாலேயே ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்குங்கள். மண்ணும் இலையும் மணப்பது அங்கேயே தெரியும்; உள்ளே இருந்த நேரமெல்லாம் அந்த மணம் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். வெளியே மருந்து நனைத்த மிதியடி விரித்திருந்தால் தாண்டிப் போகாமல் இரண்டு காலையும் அழுத்தி மிதித்துப் போங்கள். வீட்டுக்குப் போனதும் ஷூவின் அடியில் ஒட்டிய சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணிகளைச் சுடுநீரில் துவைத்து, நன்றாகக் காய வையுங்கள். அடுத்த குகைக்கு அந்த ஷூ சுத்தமாகப் போக வேண்டும்.